கைக்குழந்தை, விமானம், ஸ்ட்ரோலர்: வாசகர் கேள்வி – பதில்

கைக்குழந்தையோடு விமானம் ஏறுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியான ஸ்ட்ரோலரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. தள்ளுவண்டி என்று எழுதினால் இட்லிக் கடையும் காய்கறியும் கண்முன் வருகின்றன. நடைவண்டி என்றால் குழந்தை பிடித்துக்கொண்டு நடை பழகும் மரவண்டி ஆகிவிடுகிறது. எனவே வீட்டில் எல்லோரும் சொல்வதுபோல ஸ்ட்ரோலர் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு மாதம். கணவர் லண்டனில் இருக்கிறார். நானும் குழந்தையும் மட்டும் சென்னையிலிருந்து துபாய் வழியாக அங்கே போகிறோம். ஸ்ட்ரோலரைச் சென்னையிலேயே பெட்டிகளோடு போட்டுவிடலாமா, விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாமா? துபாயில் இறங்கியதும் அது கையில் கிடைக்குமா? — திருச்சி வாசகி

பதில்: உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதைக் கேட்காமல் கிளம்புகிறவர்கள்தான் நடுவழியில் தவிக்கிறார்கள். ஸ்ட்ரோலருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற கவலை பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் பயணம் செய்யும்போது, மடக்கக்கூடிய ஒரு ஸ்ட்ரோலரைப் பெட்டிகளின் எடையில் சேர்க்காமல் இலவசமாக ஏற்றிக்கொள்வது பெரும்பாலான விமான நிறுவனங்களின் வழக்கம். பயணச்சீட்டு எடுத்த நிறுவனத்தின் விதியை ஒரு முறை படித்துக்கொண்டால் போதும். கவனிக்கவேண்டியது வேறு: வண்டியை நீங்கள் எந்த இடத்தில் கொடுக்கிறீர்கள், அது எந்த இடத்தில் உங்களிடம் திரும்பி வருகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் குழந்தை எவ்வளவு நேரம் உங்கள் தோளில் இருக்கப்போகிறது.

சென்னையில் பெட்டிகளோடு போட்டுவிட்டால் கைக்குச் சுமை குறையும் என்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறீர்கள். செக்-இன் முடிந்து, குடியேற்றச் சோதனை வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனை கடந்து, கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை, அதுவும் நடக்கத் தொடங்கிவிட்ட, ஓர் இடத்தில் நிற்காத குழந்தையை, ஒற்றை ஆளாகச் சமாளிக்கவேண்டும். கழிப்பறைக்குப் போவது என்றால்கூடக் குழந்தையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். எனவே தனியாகப் போகும் தாய்க்கு என் பதில் ஒன்றுதான்: விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டே போங்கள்.

செக்-இன் கவுன்ட்டரில் இதைச் சொன்னால், பெட்டிக்குப் போடுவதுபோல ஸ்ட்ரோலருக்கும் ஒரு டேக் கட்டித் தருவார்கள். சில இடங்களில் அதைக் கேட்டில்தான் கட்டுவார்கள். எங்கே கட்டினாலும், அதைக் கட்டிய கை விலகுவதற்கு முன் டேக்கில் அச்சாகியிருக்கும் பெரிய மூன்று எழுத்துகளைப் படியுங்கள். துபாய்க்கு டி.எக்ஸ்.பி.; லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். டேக்கில் எல்.எச்.ஆர். மட்டும் பெரிதாக இருந்தால், துபாயில் அந்த வண்டி உங்கள் கண்ணில் படாது. அது சரக்கறையிலிருந்து சரக்கறைக்கு மாறி நேராக லண்டனில்தான் இறங்கும். இடையில் தேவை என்றால் அதை அந்த இடத்திலேயே கேட்கவேண்டும். "துபாயில் விமான வாசலில் கிடைக்குமா, லண்டனில் பெல்ட்டில்தான் வருமா?" என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "கிடைக்குமா மேடம்?" என்று பொதுவாகக் கேட்டால், "கிடைக்கும்" என்று பொதுவாகத்தான் பதில் வரும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு பெரிய விமான நிலையத்தில் நள்ளிரவில் இறங்கி, விமான வாசலில் ஸ்ட்ரோலர் வரும் என்று இருபது நிமிடம் நின்றேன். எல்லோரும் போய், துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே ஏறிய பிறகு, ஊழியர் ஒருவர் என் கையிலிருந்த டேக்கின் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கடைசி ஊருக்குப் போட்டிருக்கிறது" என்றார். அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்தது. தூங்கிவிட்ட குழந்தைக்கு எடை இரட்டிப்பாகிவிடும் என்பதை அன்றைக்குத் தோள்பட்டை சொன்னது. அந்தத் துண்டு சென்னையிலிருந்தே என் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

வண்டி துபாயில் கிடைக்காது என்று தெரிந்தால் அதற்காக வருந்தவேண்டாம். துபாயிலும் சிங்கப்பூர் சாங்கியிலும் பயணிகள் எடுத்துத் தள்ளிக்கொண்டு போக இலவச ஸ்ட்ரோலர்கள் வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் அருகிலிருக்கும் ஊழியரிடம் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். பெரிய விமானங்கள் சேர்ந்தாற்போல் இறங்கும் நேரத்தில் அவையும் தீர்ந்துபோவதுண்டு. அப்படியே கிடைத்தாலும், அது இருக்கும் இடம் வரை குழந்தையைத் தூக்கித்தான் போகவேண்டும். அதனால் கைப்பையில் ஒரு குழந்தைச் சுமப்பான் கட்டாயம் இருக்கட்டும். தோளில் மாட்டி நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் வகையில் இன்று பல கிடைக்கின்றன. கட்டத் தெரிந்தவருக்கு மெல்லிய பருத்திச் சேலை ஒன்றே போதும். விமானத்தில் குளிரெடுத்தால் அதுவே போர்வையாகும். இரண்டு கையும் விடுதலையாக இருப்பதன் அருமை, பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டவேண்டிய இடத்தில்தான் தெரியும்.

விமானத்தின் வாசலில் நடப்பது இது. நிலையத்தையும் விமானத்தையும் இணைக்கும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் வழியாகப் போனால், அதன் முனையில், விமானக் கதவுக்கு இரண்டடி முன்னால் வண்டியை மடக்கி வைக்கச் சொல்வார்கள். ஊழியர் ஒருவர் பக்கவாட்டுப் படி வழியாகக் கீழே எடுத்துப்போய்ச் சரக்கறையில் ஏற்றுவார். விமானம் தள்ளி நின்றால் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், ஏணிப்படியின் கீழே கொடுக்கவேண்டும். பேருந்துக்குள் மடக்காமல் நிற்க இடம் இருக்காது. இரண்டு இடத்திலும் உங்கள் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். எனவே ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் வண்டியை மடக்க முடிகிறதா என்று வீட்டுக் கூடத்திலேயே நாலைந்து முறை பழகிப் பாருங்கள். முடியவில்லை என்றால், குழந்தையோடு வருபவர்களை முதலில் அழைக்கும்போதே போய்விடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஊழியரே மடக்கிக்கொடுப்பார். தாமதமாக ஏறினால் குழந்தை உள்ளே அடைந்திருக்கும் நேரம் குறையும் என்பார்கள். கணவன் மனைவி இருவரும் போனால் அது சரி, ஒருவர் முன்னால் போய்ப் பைகளை வைத்துவிடலாம். தனியாகப் போகிறவருக்கு அது ஒத்துவராது.

லண்டனில் தரையிறங்குவதற்கு அரை மணி முன்பு விமானப் பணிப்பெண்ணிடம் வண்டி வாசலுக்கு வருமா, பெட்டிகளோடு வருமா என்று கேட்டுவிடுங்கள். ஹீத்ரோவில் கேட்டிலிருந்து குடியேற்றச் சோதனை வரை நீண்ட நடை இருக்கும். பெல்ட்டில் வரும் என்றால் இறங்குவதற்கு முன்பே குழந்தையைச் சுமப்பானில் கட்டிக்கொள்ளலாம். பெல்ட்டில் பெட்டிகளெல்லாம் வந்து தீர்ந்த பிறகும் வண்டி வரவில்லை என்றால் பதறவேண்டாம்; சுழலும் பெல்ட்டில் சிக்கக்கூடிய பொருள்களை அதே கூடத்தில் பெரிய அளவுப் பொருள்களுக்கான தனி இடத்தில் இறக்கிவைப்பார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: "கேபின் சைஸ்" என்று விளம்பரம் செய்யப்பட்ட விலை உயர்ந்த ஸ்ட்ரோலர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். இருக்கைக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். நம்பிப் போகலாமா? — கோவை வாசகர்

பதில்: கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் எந்த விமானத்தின் அலமாரி என்பதை அவர் சொல்லவில்லை. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, கைப்பைக்கு 56 × 45 × 25 சென்டிமீட்டர் என்ற ஓர் அளவை வழிகாட்டியாகச் சொல்கிறது. இந்த வகை வண்டிகளைப் பிரபலமாக்கிய யோயோ என்ற ஸ்ட்ரோலர் மடக்கிய நிலையில் ஏறத்தாழ 52 × 44 × 18 சென்டிமீட்டர் இருக்கும். ஐயாட்டா அளவுக்குள் அது அழகாக அடங்கும். ஆனால் அந்த அளவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. இண்டிகோவின் கைப்பை அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. 44 எங்கே, 35 எங்கே? பையின் அளவைச் சரிபார்க்கும் கம்பிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தால் அதே வண்டி அதில் இறங்காது. வண்டியின் எடை ஆறு கிலோவைத் தாண்டிவிடுவதால், அதையே உங்கள் கைப்பையாக எண்ணினால் குழந்தையின் பால்புட்டிக்கும் டயப்பருக்கும் எடையில் இடமிருக்காது.

இதோடு விமானத்தின் வகையும் சேர்ந்துகொள்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் பறக்கும் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களில் தலைக்கு மேல் இருக்கும் அலமாரி குறுகலானது. சாதாரண சக்கரப் பெட்டியே அதில் திணறும். ஏர்பஸ் விமானமாக இருந்தாலும், நீங்கள் ஏறும்போது அலமாரிகள் நிறைந்துவிட்டிருந்தால் விமானப் பணிப்பெண் சொல்வதுதான் முடிவு. எனவே மேலே இடம் கிடைத்தால் ஆதாயம், கிடைக்காவிட்டால் வாசலில் கொடுத்துவிடுவோம் என்ற மனநிலையோடும், அதற்கென்று ஓர் உறையோடும் போங்கள். அலமாரியில்தான் வைப்பேன் என்று வாசலில் வாதாடுவதில் பயனில்லை.

கின்னஸ் 2014ஆம் ஆண்டில் உலகிலேயே மிகச் சிறிதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று பாக்கிட் என்ற வண்டியைப் பதிவு செய்தது. மடக்கினால் 30 × 18 × 35 சென்டிமீட்டர். முன் இருக்கையின் அடியில்கூட அடங்கும் அளவு. அடிக்கடி பறப்பவர்களுக்கு அது வரம்தான். ஆனால் அத்தனை சின்னச் சக்கரங்கள் பளிங்குத் தரையில் ஓடுவதுபோல நம் தெரு நடைபாதையில் ஓடாது. வருடத்துக்கு இரண்டு விமானப் பயணம், மற்ற நாளெல்லாம் தெரு என்று இருக்கும் குடும்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பறப்பதற்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவு பழையது என்பதை இங்கே சொல்லவேண்டும். குடையைப்போல மடங்கும் ஸ்ட்ரோலரை 1965இல் வடிவமைத்த ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். விமானச் சக்கரத்தை மடக்கி உள்ளே இழுக்கத் தெரிந்தவர்தான் அலுமினியக் குழாய்களால் குழந்தை வண்டியையும் மடக்கிக் காட்டினார். அவருடைய முதல் வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

கேள்வி: பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை ஸ்ட்ரோலரிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாமா? தூங்குகிற குழந்தையை எழுப்பினால் பயணம் முழுவதும் அழுவான். — மதுரை வாசகி

பதில்: முடியாது. தூங்கினாலும் தூக்கித்தான் ஆகவேண்டும். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் உலோகம் கண்டறியும் வாசலைக் கடக்கவேண்டும். காலி வண்டி மடங்கி எக்ஸ்ரே பெல்ட்டில் போகவேண்டும். பெல்ட்டின் குகைக்குள் நுழையாத பெரிய வண்டியாக இருந்தால் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் கையால் சோதிப்பார்கள். பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர் சோதிக்கும்போதும் குழந்தை உங்கள் இடுப்பில்தான் இருக்கும்.

வரிசையில் நேரம் போவது குழந்தையால் அல்ல, வண்டியின் அடியில் தொங்கும் கூடையால். அந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற தம்பதியின் கூடையிலிருந்து காவலர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார்: பாதி தின்ற ரஸ்க், ஒற்றைக் காலுறை, கிலுகிலுப்பை, கருத்துப்போன வாழைப்பழம், இருமல் மருந்துப் புட்டி, அப்பா தேடிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் சாவி. கடைசியில் பக்கவாட்டுப் பையிலிருந்து நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோல் வந்தது. அதற்காக வண்டி இரண்டாம் முறை பெல்ட்டில் போயிற்று. குழந்தை அதற்குள் எழுந்து வீறிட்டது. ஆகவே முந்தைய நாள் இரவே கூடையையும் பைகளையும் கவிழ்த்துக் காலி செய்துவிடுங்கள். விமான நிலையத்தில் கூடையில் எதையும் வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் வைத்திருந்தால் ஒரு பை, ஒரு வண்டி, ஒரு குழந்தை என்று மூன்றே அசைவில் முடிந்துவிடும்.

தாய்ப்பால், கரைத்த பால், கூழ் போன்ற குழந்தை உணவுக்கு, பயணத்துக்குத் தேவையான அளவுக்குள் இருக்கும்வரை, வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிலிட்டர் என்ற திரவ வரம்பு பொருந்தாது. ஆனால் அதைப் பையின் அடியில் புதைத்து வைக்காமல் வெளியே எடுத்துக் காட்டவேண்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை நுழைவாயிலில் அல்ல, கேட்டிலேயே நடக்கும். கடைகளையெல்லாம் சுற்றிவிட்டுக் குழந்தையைத் தூங்கவைத்துத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தால், அங்கே மறுபடியும் தூக்கவேண்டும், மடக்கவேண்டும். அந்தக் கணக்கோடு தூங்கவையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. நான்கு பிள்ளைகளை இடுப்பில் வைத்தே வளர்த்தேன். ரயிலில் தூளி கட்டிப் போட்டுக்கொண்டு டெல்லிவரை போனேன். என் பேத்தி ஒரு மணி நேர விமானப் பயணத்துக்குக்கூட இந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இது தேவையா, வெறும் பகட்டா? — தஞ்சாவூர் வாசகி

பதில்: அம்மா, பாதி உங்கள் பக்கம், பாதி பேத்தி பக்கம். சென்னையிலிருந்து கோவைக்கோ மதுரைக்கோ போவதற்கு, அதுவும் கூடவே கணவரோ தாயோ வரும்போது, விமான நிலையத்துக்காக ஸ்ட்ரோலர் தேவையில்லை என்றே நானும் நினைக்கிறேன். போய்ச் சேரும் ஊரில் கோயில் பிராகாரத்திலும் கல்யாண மண்டபத்திலும் பயன்படும் என்றால், அதைப் பெட்டிகளோடு முதலிலேயே போட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதுதான் சுகம்.

ஆனால் உங்கள் காலத்து ரயிலுக்கும் இன்றைய விமான நிலையத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ரயிலில் ஏறிவிட்டால் இடம் உங்களுடையது, தூளி கட்டக் கம்பியும் இருந்தது, எதிரில் இருப்பவர் குழந்தையை வாங்கிக்கொள்வார். விமான நிலையத்தில் ஒவ்வொரு வாசலிலும் பையைத் திறக்கவேண்டும், அட்டையை நீட்டவேண்டும், மறுபடி நடக்கவேண்டும். குழந்தையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. பதினைந்து மணி நேரம் பயணம் செய்து இடையில் ஒரு ஊரில் நாலு மணி நேரம் காத்திருக்கும் பெண்ணுக்கு ஸ்ட்ரோலர் வெறும் வண்டி அல்ல; குழந்தையின் கட்டில், சாப்பாட்டு நாற்காலி, கைப்பை மாட்டும் கொக்கி எல்லாம் அதுவே. பேத்தி எங்கே போகிறாள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்கள் தூளி கட்டிய சேலையில் ஒன்றை அவள் பையில் வைத்துவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் சமாதானம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் உடைந்து பெல்ட்டில் வந்தது. குழந்தை அழுததால் வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று நாள் கழித்துக் கேட்டபோது, நிலையத்திலேயே சொல்லியிருக்கவேண்டும் என்று மறுக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா? — சென்னை வாசகர்

பதில்: முடியும், ஆனால் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானப் பயணத்தில் பொருள் சேதத்துக்கான பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா 2009இல் அதில் இணைந்தது. நிறுவனத்திடம் ஒப்படைத்து அனுப்பிய பொருள் சேதமடைந்திருந்தால், அதைப் பெற்ற நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தந்துவிடவேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நிலையத்தில் சொல்லாமல் வந்ததால் உங்கள் உரிமை போய்விடவில்லை. சேதம் அவர்கள் கையில் நேர்ந்தது என்று காட்டுவதுதான் கடினமாகிவிட்டது. இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், டேக்கின் துண்டு, உடைந்த சக்கரத்தின் படம், வண்டி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். வாசலில் கொடுத்த வண்டிக்கும் டேக் துண்டுதான் அத்தாட்சி. வழக்குத் தொடரவேண்டிய நிலை வந்தால், விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை நேரம் உண்டு.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த உடன்படிக்கையின்படி ஒரு பயணிக்கான உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டு நாணய நிதிய அலகு. ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்துக்கு நம் விதிகளின்படி உச்ச வரம்பு 20,000 ரூபாய். இரண்டும் உச்ச வரம்புதானே தவிர, கைக்கு வரும் தொகை அல்ல. பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிப்பார்கள். வண்டியிலேயே இருந்த குறையால் உடைந்தது என்று நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து விலகவும் உடன்படிக்கை இடம் தருகிறது.

அடுத்த முறை வண்டியைக் கொடுப்பதற்கு முன், மடக்கிய நிலையில் நாலு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேக்கும் படத்தில் தெரியட்டும். கழற்ற முடிந்த கைப்பிடித் தட்டு, கோப்பை மாட்டும் வளையம், மழை உறை ஆகியவற்றைக் கழற்றிப் பையில் போடுங்கள். வண்டி தானாக விரியாதபடி ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏற்றி இறக்கும்போது பெரும்பாலும் உடைவது பாதி விரிந்து கிடக்கும் வண்டிதான். தடித்த துணி உறை போட்டால் கீறலும் அழுக்கும் அவ்வளவாகப் படாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஏணிப்படியின் கீழே கொடுக்கும்போது மழை ஈரமும் அவ்வளவாகப் படாது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு ஒன்றை இருக்கைத் துணியின் உள்ளே வையுங்கள். வெளியே கட்டிய டேக் அறுந்துபோனால் அது உதவும். வந்து சேர்ந்த இடத்தில் சேதம் தெரிந்தால், குழந்தை எவ்வளவு அழுதாலும் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வராமல், அங்கேயே இருக்கும் விமான நிறுவன மேசையில் பி.ஐ.ஆர். என்ற சேதப் புகார்ப் பதிவைப் போட்டு அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரட்டைக் குழந்தைகளுக்கான அகலமான ஸ்ட்ரோலரை வாசல் வரை அனுமதிப்பார்களா? — சேலம் வாசகர்

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, முன்கூட்டியே அழைத்து மடக்கிய அளவைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் பக்கமாக அமரும் வண்டி எக்ஸ்ரேயிலும் நுழையாது, குறுகிய வழியிலும் திணறும். இரண்டு பெரியவர்கள் போவதாக இருந்தால், இரண்டு தனிக் குடை ஸ்ட்ரோலர்கள் கொண்டுபோவதே எளிது. வரிசையில் ஒரு குழந்தை அழுதால் ஒருவர் அதை மட்டும் தள்ளிக்கொண்டு விலகிப் போகலாம்.

கேள்வி: விமானத்துக்குள் பாசினெட் கேட்டிருக்கிறோம். அது இருந்தால் ஸ்ட்ரோலரின் மெத்தை தேவையில்லையே? — புதுச்சேரி வாசகி

பதில்: பாசினெட் என்பது முன்தடுப்புச் சுவரில் மாட்டும் சிறு தொட்டில். எண்ணிக்கை குறைவு என்பதால், கேட்டதைப் பயணத்துக்கு முன் மறுபடி உறுதி செய்யுங்கள். எடை வரம்பும் உண்டு; எமிரேட்ஸில் அது 11 கிலோ. ஏறும்போதும் இறங்கும்போதும், இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போதும் குழந்தை உங்கள் மடிக்கு வந்துவிடவேண்டும். மெத்தையை வண்டியோடு அனுப்பிவிடுங்கள். வண்டியில் பழகிய சின்னப் போர்வையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனைக்கு நம் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள்.

கேள்வி: வெயிலுக்காக ஸ்ட்ரோலரில் சார்ஜ் செய்யும் சிறு மின்விசிறி மாட்டியிருக்கிறோம். கழற்றவேண்டுமா? — வேலூர் வாசகர்

பதில்: கழற்றுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள அந்த விசிறி உங்கள் கைப்பையில் வரட்டும். பவர் பேங்க் எதுவும் சரக்கறைக்குப் போகவே கூடாது. தானாக ஆடும் மோட்டார் வைத்த ஸ்ட்ரோலராக இருந்தால், அதன் பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று பார்த்து, நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். விசிறியின் பிடியில் வழக்கமாக ஒரு பழைய ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மடக்கிய வண்டியின் பட்டையை இறுக்க உதவும்.